நட்பும் சீடராக்குதலும்: அசரியாவின் எடின்பரோ உரை – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழகத் திருச்சபை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறுவதும், அரிதாகவே முழுமையாக வாசிக்கப்பெறுவதுமான உரை ஒன்று உண்டு. 1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆற்றிய உரையே அது. அதன் இறுதிப் பகுதியை நம் குருமார் பலரும் அறிவர். மேலைநாட்டு மிஷனெரிமாரின் ஈகையையும் தியாகத்தையும் ஒப்புக்கொண்டு, அவற்றுக்கும் மேலாக அவர்களிடம் நட்பை வேண்டி நின்றார் ஓர் இந்தியக் குருவானவர் என்னும் செய்தி, சபை விழா மேடைகளில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இவ்வாறு சொல்லப்படும்போது அவ்வுரை அந்நியர்மீது தொடுக்கப்பட்ட ஒரு வழக்காக மட்டும் நின்றுவிடுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கப்பலேறிச் சென்றுவிட்டனர். எனவே வழக்கும் முடிந்துவிட்டது என்று நாம் அமைதி கொள்கிறோம். இது அவ்வுரைக்கு நாம் செய்யும் அநீதி. அது இனங்களுக்கிடையேயான உறவைப் பற்றிய உரை என்பது உண்மை. ஆயினும் அதன் அடித்தளத்தில் வேறொரு வினா இருக்கிறது. விசுவாசத்தில் ஒருவரை உருவாக்க முற்படுபவர் அவரோடு எத்தகைய உறவில் நிற்கவேண்டும் என்பதே அவ்வினா. சீடராக்குதலைப் பற்றிய ஒரு நூலாக அவ்வுரையை வாசித்தால், அது முன்பு மிஷனெரி அமர்ந்திருந்த இருக்கையில் இன்று அமர்ந்திருக்கும் நம்மை நோக்கியே பேசுகிறது. உரை சொல்வது யாது, சொல்லாமல் விடுத்தது யாது, நம் சேகரங்களில் அது வேண்டுவது யாது என்னும் மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உரை எழுந்த சூழல்

அசரியா 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் இல்லத்தில் பிறந்தவர். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராய்த் தென்னிந்தியாவெங்கும் பயணம் செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தங்கள் பொருளைக் கொண்டே வேற்றிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாயிற்று. இந்திய ஊழியர், இந்தியப் பொருள், இந்திய நிருவாகம் என்பவை அதன் மூன்று கொள்கைகள். 1905 கிறிஸ்து பிறப்பு நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கம் தொடங்கப்பெற்றபோதும் அவர் முன்னின்றார். 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியராகச் சென்றார்.

எடின்பரோவில் பேசியபோது அவருக்கு வயது 35. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடியிருந்த அம்மன்றத்தில் ஆசியரின் தொகை இருபதுக்கும் குறைவு. சென்னைப் பேராயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் அவரை ஊக்கியவர். அமெரிக்கரான ஷெர்வுட் எடியோ அவரோடு பல்லாண்டு தோளோடு தோள் நின்று உழைத்த நண்பர். இவ்விரு உறவுகளும் இவ்வுரையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை. நட்பைச் சுவைத்திராத ஒருவரின் ஏக்கக்குரலன்று இவ்வுரை. நட்பு எத்தகைய கனியைத் தரும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்ட ஒருவர், அது எங்கும் இல்லையே என்று கூறும் சாட்சி. ஆகவேதான் அதில் கசப்பு குறைவாகவும் துல்லியம் மிகுதியாகவும் காணப்படுகின்றன. மன்றத்தில் சிலர் அதனை வரவேற்றனர். சிலர் மனம் புண்பட்டனர்.

2. உரையின் கட்டமைப்பு

உரையை நிரலே நோக்கினால் அது மூன்று உறவுகளைப் பகுத்துக் காட்டுவதைக் காணலாம். முதலாவது தனிப்பட்ட உறவு. இரண்டாவது அலுவல் உறவு. மூன்றாவது ஆன்மீக உறவு. நாம் பொதுவாக இவ்வரிசையைத் தலைகீழாகவே வைப்போம். ஆன்மீக ஐக்கியம் ஏற்பட்டால் ஏனையவை தாமே சீர்ப்படும் என்பது நம் பிரசங்கங்களில் வழங்கும் எளிய விடை. அசரியா அவ்வாறு தொடங்கவில்லை. உடன் ஊழியர் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்கிறாரா, அவரோடு அமர்ந்து உண்கிறாரா, அவர் மனைவி மக்களை அறிவாரா என்னும் எளிய வினாக்களிலிருந்து தொடங்குகிறார். ஒரே மேசையில் அமராதவர்கள் ஒரே ஆவியில் இருப்பதாகக் கூறுவதை அவர் ஏற்கவில்லை என்பது இவ்வரிசையால் விளங்கும்.

அலுவல் உறவைப் பற்றிய பகுதியே உரையின் மையம் எனலாம். மிஷனெரி சம்பளம் அளிப்பவர்; இந்திய ஊழியர் சம்பளம் பெறுபவர். இவ்வுறவு நீடிக்குமளவும் இந்தியத் திருச்சபையில் தன்மதிப்பும் தனித்தன்மையும் வளர இயலா என்பது அசரியாவின் முடிபு. இதனை நிருவாகம் பற்றிய முறையீடாக மட்டும் கொள்ளுதல் சாலாது. சீடராக்குதலின் வேரையே தொடும் செய்தி இதில் அடங்கியுள்ளது. படியளக்கும் கையும் பாடஞ்சொல்லும் வாயும் ஒருவருடையவையே ஆகும்போது, சீடன் முதன்முதல் கற்றுக்கொள்வது மறைப்பதற்கே. தன் ஐயத்தைச் சொன்னால் வேலை போகும். தன் வீழ்ச்சியைச் சொன்னால் இடமாற்றம் வரும். தன் கடனைச் சொன்னால் நம்பிக்கை குறையும். இவ்வாறு எண்ணும் ஒருவரிடத்தில் நாம் எத்தனை வேதபாடம் நடத்தினாலும், அது அவர் அணிந்திருக்கும் முகமூடிக்கு நடத்தும் பாடமேயன்றி அவருக்கு நடத்தும் பாடமன்று.

மூன்றாம் பகுதியில் உரை உயர்ந்த இறையியல் தளத்தை அடைகிறது. கிறிஸ்துவின் மகிமையின் நிறைவை மேலைநாட்டார் தனித்தும் காண இயலாது; கீழைநாட்டார் தனித்தும் காண இயலாது; இணைந்து உழைத்து, இணைந்து வழிபட்டு, இணைந்து கற்கும்போதே அது காணத்தகும் என்பது அதன் சாரம். இணைந்து கற்றல் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கற்பிப்பவர் நிறைவுற்றவர், கற்பவர் குறைவுற்றவர் என்னும் எண்ணம் இங்கே வீழ்கிறது. சீடரை உருவாக்குபவரும் அச்சீடரின்றிக் கிறிஸ்துவை முழுமையாக அறிய இயலாதவரே. உரையின் முடிவில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் எதிரொலிப்பதும் இக்காரணத்தாலேயே. பொருளனைத்தையும் ஈந்தாலும், உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பின்றி அவை பயனில என்னும் பவுலின் வாதத்தை, ஈந்தவர்கள் முன்னிலையிலேயே அசரியா நினைவூட்டினார்.

3. திருமறையின் ஒளியில்

அசரியாவின் கோரிக்கை காலத்தின் தேவையால் எழுந்த சமூகக் கோரிக்கை மட்டுந்தானா, அன்றி நற்செய்தியின் உள்ளியல்பைச் சார்ந்ததா என்பதை நாம் சோதித்தறிய வேண்டும்.

மாற்கு 3:14இல் ஆண்டவர் பன்னிருவரை ஏற்படுத்திய நோக்கங்கள் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. அனுப்பப்படுதலும் பிரசங்கித்தலும் பின்னரே வருகின்றன. அவரோடுகூட இருத்தலே முதலாவது வருகிறது. அவர்கள் படகிலும் வழியிலும் பந்தியிலும் அவரோடு இருந்தனர். அவர்தம் பசியையும் களைப்பையும் கண்ணீரையும் கண்டனர். பாடத்திட்டம் என ஒன்று இருந்ததெனில், அது அவருடைய வாழ்வே.

யோவான் 15:15இல் ஆண்டவர் தம் சீடரை ஊழியக்காரர் என்னாமல் சிநேகிதர் என்கிறார். அதற்கு அவர் தரும் காரணம் கூர்ந்து கவனித்தற்குரியது. ஊழியக்காரன் தன் எஜமான் செய்வதை அறியான்; அவரோ பிதாவினிடத்தில் கேட்டவற்றையெல்லாம் அவர்களுக்கு அறிவித்துவிட்டார். ஆகவே திருமறை கூறும் நட்பு, நிலை வேற்றுமையை மறந்து சிரித்துப் பேசுதலன்று. அவர் ஆண்டவராகவே இருக்கிறார்; 13ஆம் அதிகாரத்தில் கால்களைக் கழுவியபின்னும் தம்மைப் போதகரும் ஆண்டவரும் என்றே கூறுகிறார். உள்ளத்திலிருப்பதை ஒளிக்காமல் பகிர்தலே நட்பின் இலக்கணமாக அங்கே வைக்கப்படுகிறது. அதிகாரம் இருக்கலாம், இரகசியம் இருத்தலாகாது.

பர்னபாவின் வரலாறு இதற்கு வேறொரு கூற்றைச் சேர்க்கிறது. எருசலேம் சபை சவுலைக் கண்டு அஞ்சியபோது அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் சேர்த்தவர் பர்னபா (அப். 9:27). அந்தியோகியாவில் பணி பெருகியபோது, தாமே அதனை ஆளாமல், தர்சு வரை சென்று சவுலைத் தேடி அழைத்து வந்தவரும் அவரே (அப். 11:25). 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பர்னபாவும் சவுலும் என்றிருந்த பெயர்வரிசை, அவ்வதிகாரம் முடிவதற்குள் பவுலும் பர்னபாவும் என மாறிவிடுகிறது. லூக்கா இதனை ஒரு வாக்கியத்தாலும் விளக்கவில்லை. பர்னபா முறையிட்டதாகவும் எழுதவில்லை. தம் பெயர் இரண்டாம் இடத்துக்குச் செல்வதைத் தாங்கிக்கொள்ளும் மூத்த ஊழியரே சீடரை உருவாக்கத் தகுதியுடையவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே அசரியாவின் வேண்டுகோள் நற்செய்தியின் மையத்திலேயே வேரூன்றியுள்ளது என்பது போதரும்.

4. தமிழ் மரபின் எதிர்வினா

ஆயினும் தமிழ் வாசகர் ஒருவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஆசிரியரை நண்பராகக் கருதுதல் நம் மரபுக்கு ஒவ்வுமோ? நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் ஆசிரியனிடம் ஒழுகவேண்டிய முறையைக் கூறுமிடத்து நெருப்பை உவமை கூறுகிறது. குளிர்காய்பவன் தீயை விட்டு மிக விலகுவதுமில்லை, மிக நெருங்குவதுமில்லை. அவ்வாறே மாணாக்கன் நிற்றல் வேண்டும். நம் ஊர்களில் குருவானவரை ஐயர் என்று விளித்து, அவர் வரும்போது தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிய முன்னோர் இவ்வொழுக்கத்தையே பின்பற்றினர். நட்பு வந்தால் மதிப்புப் போய்விடும். மதிப்புப் போனால் உபதேசமும் ஏறாது என்பது இன்றும் மூத்த குருமாரிடையே நிலவும் கருத்து.

இத்தடையைப் புறக்கணித்துவிடுதல் கூடாது. இதில் ஓர் உண்மை இருக்கிறது. நெருக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தி, வழிகாட்டுதல் என்னும் பெயரால் இளையோரைத் தம் வயப்படுத்தி, அவர்தம் மனச்சாட்சியையே ஆளமுற்படும் தலைவர்களை எல்லாத் திருச்சபைகளும் கண்டிருக்கின்றன. இடைவெளி சில வேளைகளில் சீடனுக்குக் காவலாகவும் அமையும்.

ஆனால் அதே தமிழ் மரபில் நட்புக்கு உயரிய வேறோர் இலக்கணமும் உண்டு. திருக்குறள் நட்பதிகாரம், கூடி நகைப்பதற்காக நட்பு ஏற்படவில்லை. நண்பன் நெறி தவறும்போது முற்பட்டுச் சென்று கடிந்துரைப்பதற்காகவே ஏற்பட்டது என்கிறது. அதிகாரியின் கண்டிப்பும் நண்பனின் கண்டிப்பும் ஒன்றல்ல. அதிகாரி கண்டிக்கும்போது பணியாளன் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறான். நண்பன் கண்டிக்கும்போது தன்னைத் திருத்திக்கொள்ள முயல்கிறான். நாத்தான் தாவீதிடம் சென்றபோதும், பவுல் கலாத்தியரைக் கடிந்தபோதும் உறவே சொல்லுக்கு வலிமை தந்தது. ஆகவே நட்பு கண்டிப்பைத் தளர்த்தும் என்னும் அச்சத்துக்கு நம் மரபே விடை கூறுகிறது. நட்பில்லாத கண்டிப்பே பயனின்றி ஒழிவது.

5. உரையின் எல்லைகள்

ஓர் உரையை மதிப்பதென்பது அதன் எல்லைகளையும் சுட்டுவதாகும். எடின்பரோ உரையில் இரண்டு எல்லைகளை இங்கே கூறலாம்.

முதலாவது, அது மேல்நோக்கிப் பேசும் உரை. மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையிலிருந்த இடைவெளியே அதன் பொருள். இந்திய ஊழியருக்குள்ளேயே இருந்த படிகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. குருவானவருக்கும் உபதேசியாருக்கும், உபதேசியாருக்கும் வேதாகமப் பெண்ணுக்கும், ஒரு சாதியினரான ஊழியருக்கும் வேறொரு சாதியினரான சபையாருக்கும் இடையே எத்தகைய நட்பு இருந்தது? மிஷனெரியின் விருந்தறையில் இடமில்லை என்று வருந்திய குருவானவர், தம் வீட்டுத் திண்ணைக்கப்பால் யாரை ஏற்றினார்? இவ்வினாவை அன்று எடின்பரோவில் எழுப்புதல் பொருந்தாது என்று அசரியா கருதியிருத்தல் கூடும். மேலைநாட்டார் முன்னிலையில் தம்மவர் குறையை விரித்துரைத்திருப்பின், அது அவர்கள் தப்பிச் செல்லும் வழியாகியிருக்கும். ஆனால் அன்று எழுப்பாத வினாவை இன்றும் நாம் எழுப்பாதிருப்பதற்கு அக்காரணம் பொருந்தாது.

இரண்டாவது, நட்பு மேலிருந்து வேண்டிப் பெறும் பொருளாக அவ்வுரையில் தோன்றுகிறது. கொடையாகப் பெறும் நட்பு உண்மை நட்பாகுமோ? பெறுபவர் என்றும் பெறுபவராகவே நிற்பின், சம்பளத்துக்குப் பதிலாகப் பரிவு வந்தது என்பதன்றி வேறு மாற்றம் யாது? இதற்கு உரையில் விடை தேடுவதைக்காட்டிலும் அசரியாவின் செயலில் தேடுதல் தகும். எடின்பரோவுக்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, பாளையங்கோட்டையில் தம் சொந்தப் பொருளைக்கொண்டு தம் ஊழியரைத் தாமே அனுப்பும் சங்கத்தை அவர் கண்டிருந்தார். தம் காலில் நிற்பவரே மற்றவரோடு கைகோத்து நடக்க இயலும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே எடின்பரோ வேண்டுகோளைப் பாளையங்கோட்டைத் தொடக்கத்தோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். தனித்து வாசிப்பின் அது இரத்தல் போல் ஒலிக்கும். சேர்த்து வாசிப்பின் அது சமநிலையில் நிற்பவரின் அழைப்பாகும்.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்றபின் அசரியா செய்த பணியும் இவ்வுரைக்கு உரை எழுதியது போன்றதே. ஆங்கிலிக்கத் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். இப்பொழுது அவரே மேலிடத்தில் அமர்ந்தார். தோர்ணக்கல்லில் சிற்றூர் உபதேசிமாரை அவர்தம் மனைவியரோடு சேர்த்துப் பயிற்றுவித்தார். ஊழியத்தை ஒரு தனிமனிதனின் வேலையாகக் கருதாமல் ஒரு குடும்பத்தின் வாழ்வாகக் கருதியதன் விளைவு இது. ஞானஸ்நானம் பெற்ற ஏழை எளியோர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்கு ஐயோ என்னும் பொருள்படும் பவுலின் மொழியை (1 கொரி. 9:16) உரைக்கும்படி அவர் செய்ததும் பலராலும் நினைவுகூரப்படுகிறது. சீடனான அன்றே பிறரைச் சீடராக்கும் பொறுப்பையும் ஏற்றல் என்பது இதன் உட்பொருள். ஆயினும் பேராயராக அவர் உறுதியான கையோடு ஆண்ட தந்தையாகவும் விளங்கினார். தந்தைமையும் நட்பும் ஒரே வாழ்வில் எவ்வாறு இணையும் என்னும் வினா, அவர் வாழ்விலும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. அது நமக்கும் எஞ்சியிருக்கும் வினா.

6. வடதிருநெல்வேலியின் சாட்சி

இவ்வினாவுக்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலும், கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளும் அன்று வடதிருநெல்வேலி என வழங்கின. கேம்பிரிட்ஜில் கல்லூரி உறுப்பினராயிருந்து, பின் சென்னையில் திருச்சபை மிஷனெரிச் சங்கத்தின் செயலராய்ப் பணியாற்றிய தாமஸ் ராக்லாந்து ஐயர், 1854 முதல் இப்பகுதியில் கூடாரமடித்து ஊரூராய்ச் சென்றார். டேவிட் ஃபென், மெடோஸ் ஆகிய இருவரும் அவருடன் இருந்தனர். 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் அவர் காலமானார்.

இம்முயற்சியில் நம் ஆய்வுக்கு வேண்டிய கூறு ஒன்று உண்டு. தென்திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து வடக்கே அனுப்பி, அவர்தம் செலவையும் ஏற்றன. ஆகவே கூடாரத்திலிருந்த தமிழ் ஊழியர் அங்கிருந்த ஐரோப்பியரின் கூலியாட்கள் அல்லர். தம் சபைகளின் தூதர்கள். மிஷனெரி அவர்களுக்குப் படியளக்கவில்லை; அவர்களோடு நடந்தார். ஒரே வெயில், ஒரே வழி, ஊராரின் ஒரே ஏச்சு. அசரியா பின்னாளில் பகுத்துக்காட்டிய அலுவல் உறவின் முடிச்சு, அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கு ஓரளவு அவிழ்க்கப்பட்டிருந்தது எனலாம். அங்கே உடன் உழைத்தவர்களுள் ஒருவரான டபிள்யூ. டி. சத்தியநாதன் பின்னர்க் குருப்பட்டம் பெற்று, சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் நெடுங்காலம் ஆயராக விளங்கினார்.

இதனையும் மிகைப்படுத்துதல் கூடாது. கூடாரத்தின் தலைமை ஐரோப்பியரிடமே இருந்தது. நாம் வாசிக்கும் வாழ்க்கை வரலாறுகள் ராக்லாந்தின் கடிதங்களைப் போற்றுகின்றன. முறைவைத்து வந்த உபதேசிமாரின் பெயர்களையோ பெரும்பாலும் கூறுவதில்லை. ஊராரின் மொழியையும் மனத்தையும் அறிந்த அவ்வுபதேசிமாரிடமிருந்து மிஷனெரிமார் கற்றவை யாவை என்பதும் எழுதப்படவில்லை. இணைந்து கற்றல் அங்கு நிகழ்ந்திருக்கவே வேண்டும். வரலாறோ ஒருபக்கக் கல்வியையே பதிந்து வைத்தது. சீடராக்குதலின் வரலாற்றை எழுதுவோர் இக்குறையை நினைவிற்கொள்ளல் நலம்.

7. இன்றைய சேகரத்தில்

இனி நம் நிலைக்கு வருவோம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. படிப்படியாக மிஷனெரியின் இருக்கை காலியாயிற்று; ஆனால் இருக்கை அகற்றப்படவில்லை. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ளவை போன்ற சிற்றூர்ச் சபைகளில், குருவானவர் திருவிருந்து நடத்த முறைப்படி வந்து செல்கிறார். நாள்தோறும் ஊரோடு வாழ்பவர் சபை ஊழியரே. இருவரும் சந்திக்கும்போது பேசப்படுவன யாவை? காணிக்கைக் கணக்கு, சங்கக் கட்டணம், பண்டிகை ஏற்பாடு, ஆலயப் பழுது. ஊழியர் கடைசியாக எப்போது மகிழ்ச்சியோடு ஜெபித்தார், எந்த வேதபகுதி அவருக்கு விளங்கவில்லை, அவர் வீட்டில் நோயுற்றிருப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு அங்கே நேரமில்லை. அவர் நின்றுகொண்டே விடை கூறுகிறார். நாம் அமர்ந்துகொண்டே கேட்கிறோம். எடின்பரோவில் சுட்டப்பட்ட இடைவெளி இதுவன்றி வேறென்ன?

திடப்படுத்தல் வகுப்புகளின் நிலையும் இதுவே. சில வாரங்களில் வினாவிடை மனப்பாடமாகிறது. பேராயரின் கைகள் தலைமேல் வைக்கப்படுகின்றன. அதன்பின் அவ்விளைஞர் ஆலயத்தின் பின்வரிசைக்கும், அங்கிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து வெளியூர் வேலைக்கும் செல்கின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்கு, தம் ஐயத்தை அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒரு மூத்த விசுவாசி இருக்கிறார்? குறையுணர்ந்த நாம், மேலைநாடுகளில் அச்சிட்ட சீடத்துவப் பாடநூல்களை மொழிபெயர்த்து நிரப்ப முயல்கிறோம். பாடநூல் தீதன்று. ஆனால் நோய் பாடக்குறைவன்று, ஆட்குறைவும் உறவுக்குறைவுமே. பவுல் கொரிந்தியருக்கு எழுதியதுபோல், உபாத்தியாயர் அநேகர், தகப்பன்மார் சிலரே (1 கொரி. 4:15).

சங்கரன்கோவில் வட்டாரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. தறித்தொழில் அங்கே பெரும்பாலும் நூலைப் படித்துக் கற்கப்படுவதன்று. தார் சுற்றுவதில் தொடங்கி, தறிக்கு அருகே அமர்ந்து, அறுந்த இழையைப் பிணைக்கக் கற்று, பிறகே தறியில் அமர்கிறான் இளைஞன். நெய்பவருக்கும் இழை அறும் என்பதை அவன் தன் கண்ணாலேயே காண்கிறான். அறுந்தபோது அவர் என்ன செய்கிறார் என்பதே அவன் கற்கும் முதற்பாடம். நம் சீடர்களோ நம் பிரசங்கமென்னும் நெய்து முடித்த துணியை மட்டும் காண்கின்றனர். நம் ஜெபம் எங்கே அறுகிறது, அறுந்ததை எவ்வாறு பிணைக்கிறோம் என்பதை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. அதனால் தம் இழை அறும்போது, தம் தறியே பாழ் என்று எழுந்து போய்விடுகின்றனர்.

செயல்முறையில் சில கருத்துகளை உடன் ஊழியரின் சிந்தனைக்கு வைக்கலாம். முதலாவதாக, கணக்கு பார்க்கும் நாளும் வேதம் வாசிக்கும் நாளும் வெவ்வேறாதல் வேண்டும். ஊழியரின் சம்பளமும் இடமாற்றமும் யார் பொறுப்பில் உள்ளனவோ, அவரல்லாத ஒரு மூத்த ஊழியர் அவ்விளையவருக்கு ஆன்மீகத் துணையாக அமைதல் சாலச்சிறந்தது. இரண்டாவதாக, பந்தி. நம் சபைகளில் அசனம் என்னும் நல்வழக்கம் உண்டு. ஆண்டுக்கொருமுறை ஊரார் அனைவரும் ஒரே சோற்றை உண்கின்றனர். அதனை ஆண்டுவிழாவோடு நிறுத்தாமல், சபை ஊழியர் வீட்டில் குருவானவரும் குருவானவர் வீட்டில் சபை ஊழியரும் மாதந்தோறும் உண்ணும் வழக்கமாக்கலாம். யார் எந்தச் சாதி என்று அறிந்திருந்தும் அவ்வாறு உண்பதே, சொல்லாத பிரசங்கமாக ஊருக்கு எட்டும். மூன்றாவதாக, இளையவரின் பிரசங்கத்தை மூத்தவர் திறனாய்வதோடு, மூத்தவரின் பிரசங்கத்தை இளையவர் திறனாயவும் இடமளித்தல் வேண்டும். நான்காவதாக, விடுவித்தல். பர்னபாவைப் போல், நாம் உருவாக்கியவர் நம்மை மிஞ்சும் நாளில் பின்நிற்கக் கற்றல் வேண்டும். தம் சாயலில் ஆட்களை வார்த்து, தமக்குக் கட்சி சேர்த்தலைச் சீடராக்குதல் என்று அழைக்கும் வழக்கம், தேர்தல் காலங்களில் நம் திருமண்டலங்களைப் படுத்தும் பாட்டை அனைவரும் அறிவர்.

இவை அனைத்தும் நேரத்தை வேண்டுவன. ஒரு சேகரத்தில் பல சபைகளைத் தாங்கும் குருவானவருக்கு நேரம் ஏது என்னும் கேள்வி நியாயமானதே. ஆண்டவர் திரள்கூட்டத்துக்குப் போதித்தார். ஆயினும் பன்னிருவரோடு வாழ்ந்தார். அவர்களுள் மூவரை மலைக்கும் தோட்டத்துக்கும் அழைத்துச் சென்றார். எல்லாரோடும் நட்பாயிருத்தல் எவருக்கும் இயலாது. இருவர் அல்லது மூவரோடு உண்மையாயிருத்தல் எல்லாருக்கும் இயலும். அவர்கள் வேறிருவரோடு அவ்வாறே இருப்பர். 2 தீமோத்தேயு 2:2இல் காணும் தலைமுறைச் சங்கிலி இவ்வாறு கோக்கப்படுவதே.

முடிவுரை

எடின்பரோ உரை பழைய ஆவணமன்று. அதில் மிஷனெரி என்றிருக்கும் இடத்தில் குருவானவர் என்றும், இந்திய ஊழியர் என்றிருக்கும் இடத்தில் சபை ஊழியர், வேதாகமப் பெண், திடப்படுத்தல் வகுப்பின் இளைஞர் என்றும் பெயரை மாற்றி வாசிக்குமாறு இறையியல் மாணவரை வேண்டுகிறோம். அவ்வாறு வாசிக்கும்போது மனம் புண்படுமாயின், 1910இல் அம்மன்றத்தில் அமர்ந்திருந்தவர்களின் நிலையை ஓரளவு உணர்ந்தவர்களாவோம். அவர்களுள் சிலர் புண்பட்டதோடு நின்றனர், சிலர் திருந்தினர்.

கல்லூரியிலிருந்து அருட்பணிக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தமக்குள் இரு வினாக்களை எழுப்பிக்கொள்ளல் வேண்டும். என் வீழ்ச்சியை நான் அஞ்சாமல் சொல்லக்கூடிய மூத்தவர் எனக்கு யார்? தன் வீழ்ச்சியை என்னிடம் அஞ்சாமல் சொல்லக்கூடிய இளையவர் யார்? இவ்விரண்டுக்கும் ஒரு பெயரையேனும் சொல்ல இயலாதவர், தாம் செல்லும் சேகரத்தில் புதிய திட்டம் எதையும் தொடங்குமுன், முதலில் சபை ஊழியரின் வீட்டுக்குச் சென்று, அவர் இடும் பாயில் அமர்ந்து, அவர் தரும் உணவை உண்பாராக. அங்கிருந்து சீடராக்குதல் தொடங்கும்.